வலது முன்சக்கரத்தின் இரைச்சல்

சென்ற மாதம் அப்பத்தாவைக் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு அழைத்துச் சென்றபோது, வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் காரின் அடியிலிருந்து மாவு மில் ஓடுவது போன்ற சீரான இரைச்சல் எழுந்தது. ஒரு பணிமனையில் நான்கு டயர்களையும் மாற்றச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டயரின் சத்தம் சாலையின் தன்மைக்கேற்ப மாறும், இதுவோ எந்தச் சாலையிலும் மாறவில்லை. கிளட்ச்சை மிதித்து இன்ஜின் வேகம் தணிந்த பின்னும் இரைச்சல் குறையாததால், சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்பது உறுதியாயிற்று.

இடப்பக்கம் வளைகையில் வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மீது சாயும். அப்போது இரைச்சல் கூடி, வலப்பக்கம் திரும்பியதும் அடங்கியதால், வலப்பக்கச் சக்கரத்தின் பேரிங்கைச் (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் உருளைத் தாங்கியை) சந்தேகித்தேன். பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, வலது முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, சஸ்பென்ஷன் சுருளின் மேல் இடக்கை விரல்களை வைத்தபடி வலக்கையால் சக்கரத்தைச் சுழற்றினேன். மணலை அரைப்பது போன்ற மெல்லிய நடுக்கம் விரல் நுனிகளில் தெளிவாகத் தெரிந்தது.

ஸ்டியரிங் மட்டும் 80, 90 வேகத்தில் ஆடினால் முதலில் வீல் பேலன்ஸை, அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலையைப் பார்க்க வேண்டும். முழுமையாகத் திருப்பும்போது ‘டக் டக்’ என்றால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் மூட்டைப் பார்க்க வேண்டும்.

பேரிங் மாற்றிய மறுநாள் தேவகோட்டைக்குப் போகையில், அப்பத்தா முணுமுணுத்த கந்த சஷ்டிக் கவசம் முன்னிருக்கை வரை கேட்டது.