எண்பதைத் தாண்டினால் வரும் விசில்

அம்மா காரில் ஏறி உட்கார்ந்து, வண்டி ஆட்டுக்காரம்பட்டியைத் தாண்டி ஹைவேயில் ஏறியதும் பர்ஸைத் திறப்பார். உள்ளே ஒரு நீல டப்பா இருக்கும். காதுக்கருவி இரண்டையும் கழற்றி அதற்குள் வைத்து மூடிவிடுவார். அப்புறம் கிருஷ்ணகிரி போய்ச் சேரும் வரை ஜன்னலைப் பார்த்தபடியே வருவார். நான் ஏதாவது சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழையபேட்டையில் இருக்கிற பெரியம்மாவைப் பார்க்கப் போவோம். வாரம் முழுக்க எனக்குப் பள்ளிக்கூடம், வீடு என்று ஓடிவிடும். அம்மாவோடு நிதானமாகப் பேசக் கிடைக்கிற நேரமே அந்தப் பயணம்தான். அதனால்தான் புது வண்டி வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

நாலைந்து வாரம் கழித்து ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏம்மா, ஏறினதும் கழட்டி வெச்சிடற?"

"சத்தம் கண்ணு. உய்யுன்னு காதுக்குள்ளயே ஊதற மாதிரி இருக்குது. நீ பேசறது கேக்கல, அதுதான் கேக்குது."

எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது இடப்பக்க முன்கதவு ஓரத்தில் மெல்லிசாக ஒரு விசில் கிளம்பும். கும்மென்று ஒரு இரைச்சலும் அதோடு சேர்ந்திருக்கும். பழைய வண்டியில் பாதி நேரம் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டிப் பழகியதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு அப்படி இல்லை. வயதானால் முதலில் குறைவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன்தான். ச, ஸ, த, ட மாதிரியான ஒலிகளைப் பிரித்தறிய உதவுவதும் அந்தப் பகுதிதான். குறைந்துபோன அந்தப் பகுதியைக் காதுக்கருவி தூக்கிக் கொடுக்கிறது. விசிலும் அதே பகுதியில் வந்தால் அதையும் சேர்த்துத்தான் தூக்கும். எனக்குக் காதோரம் கேட்கிற ஒன்று அம்மாவுக்கு மண்டைக்குள் கேட்கிறது. இது புரிந்த அன்றைக்கே இதைச் சரி செய்யாமல் விடுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை ஊருக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சத்தம் எதுவும் வரலையே மேடம்" என்றார்கள். டவுன் நெரிசலில் 40-க்கு மேல் எப்படிப் போக முடியும்? இரண்டாம் முறை கதவு ரப்பருக்கெல்லாம் ஏதோ ஸ்ப்ரே அடித்து, "இந்த மாடல்ல எல்லா வண்டியிலும் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். எல்லா வண்டியிலும் வருமென்றால் இடப்பக்கம் மட்டும் ஏன் வருகிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நானே இறங்கினேன். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். தினமும் தர்மபுரியிலிருந்து அதே சாலையில்தான் போய் வருகிறேன். ஒரு வாரம் வெறுமனே கவனித்தேன். காலையில் வடக்கே போகும்போது விசில் குறைவு. சாயங்காலம் தெற்கே திரும்பும்போது 75-லேயே ஆரம்பித்துவிடும். தென்பெண்ணைப் பாலத்தில் ஏறினால் இன்னும் கூடும். அது ஆடி மாதம், தென்மேற்கிலிருந்து காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது அந்தக் காற்று வண்டியின் வலது முன்பக்கத்தில் மோதுகிறது. சத்தமோ இடப்பக்கக் கதவில் வருகிறது. இது என்னை இரண்டு நாள் குழப்பியது.

விடை நான் வகுப்பில் செய்து காட்டுகிற சோதனையிலேயே இருந்தது. ஒரு தாள் துண்டை உதட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு மேற்புறமாக ஊதினால், தொங்கிக்கொண்டிருக்கும் தாள் மேலே எழும். ஓடுகிற காரிலும் முன்கண்ணாடியைச் சுற்றி வளைந்து போகிற காற்று, முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இருக்கிற முன்தூணைத் தாண்டும் இடத்தில் கதவை வெளியே இழுக்கிறது. பக்கவாட்டில் காற்றடித்தால், காற்று மோதும் பக்கத்தைவிட அதற்கு எதிர்ப்பக்கத்துத் தூணோரம்தான் சுழல் பலமாகும், இழுப்பும் கூடும். வலப்பக்கம் காற்றடிக்க இடது கதவு கத்துவதற்குக் காரணம் அதுதான். இன்னொன்றும் அப்போது விளங்கியது. காற்று வெளியிலிருந்து உள்ளே வருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் உள்ளே இருக்கிற காற்று ஒரு சந்து வழியாக வெளியே போகிறது. அப்படிப் போகும்போதுதான் விசில் அடிக்கிறது.

இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். 85-ல் போய்க்கொண்டிருக்கும்போது, உள்காற்றையே சுற்றவிடும் ஏசி பட்டனை மாற்றி வெளிக்காற்றுக்கு வைத்து, புளோயரைக் கூட்டினேன். உள்ளே அழுத்தம் ஏற ஏற விசிலும் ஏறியது. பின்கண்ணாடியை விரலளவு இறக்கியதும் விசில் நின்றது. சந்து இருக்கிறது என்பது உறுதியாயிற்று. இனி அது எங்கே என்று தேட வேண்டும்.

ஓசூரில் வேலை பார்க்கிற தம்பி சனிக்கிழமை வந்திருந்தான். பெயின்ட் கடையில் இரண்டு ரோல் மாஸ்கிங் டேப் வாங்கி வந்து, வெளியே இடைவெளி இருக்கிற இடமெல்லாம் ஒட்டினோம். முன்கண்ணாடி ஓரம், பானெட் விளிம்பு, மேலே ரூஃப் ரெயில் முனைகள், சைடு மிரர் அடிப்பாகம், கதவுக் கண்ணாடிக்கு மேலே மழைத் தடுப்பாக ஒட்டியிருக்கிற டோர் வைசரின் விளிம்பு, கதவுகளின் சுற்றளவு எல்லாம். ஓட்டுநர் கதவை மட்டும் விட்டுவிட்டோம். உள்ளே ஏறவும், அவசரத்துக்கு இறங்கவும் ஒரு வழி வேண்டும். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, மருந்துக்கட்டுப் போட்ட மாதிரி இருந்த வண்டியை எடுத்துக்கொண்டு தம்பி காரிமங்கலம் வரை ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 85, 90. கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்கவில்லை. டயர் தரையில் ஓடுகிற சத்தம் மட்டும்தான். "அக்கா, இதுதான்க்கா நீ காசு கொடுத்து வாங்கின வண்டி" என்றான்.

அப்புறம் ஒவ்வொரு இடமாக டேப்பைப் பிரித்தோம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு இடம். இதில் அவசரப்பட்டு இரண்டை ஒன்றாகப் பிரித்தால் எல்லாம் கெட்டுவிடும், எது காரணம் என்று சொல்ல முடியாமல் போய்விடும். வேகமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். காற்றால் எழும் இரைச்சலின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கூடுவது கால் பங்குதான், இரைச்சலின் ஆற்றலோ ஏறக்குறைய நாலு மடங்காகிவிடும். அதனால் தம்பி முள்ளை 85-லேயே பிடித்து வைத்திருந்தான். காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையே நாலு முறை போய் வந்தோம்.

முன்கண்ணாடி ஓரம் பிரித்தோம், மாற்றமில்லை. ரூஃப் ரெயில், அதுவும் இல்லை. டோர் வைசரில் பிரித்தவுடன் அந்தக் கும் இரைச்சல் வந்துவிட்டது. அப்போதுதான் நான் இதுவரை ஒரே சத்தம் என்று நினைத்தது இரண்டு சத்தம் என்று தெரிந்தது. கும்மென்ற இரைச்சல் வைசருடையது. விசில் வேறு ஏதோ ஒன்றுடையது. மழைக்காலத்தில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்க உதவும் என்று வண்டி எடுக்கும்போதே போட்ட வைசர் அது. சத்தத்துக்கு இரண்டு பொருள் பொறுப்பாக இருந்தால், ஒன்றை மட்டும் சரி செய்துவிட்டு "குறையவே இல்லை" என்று மனம் விட்டுவிடுவோம். சர்வீஸ் சென்டரிலும் யாராவது அரை நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

மிரர் அடிப்பாகத்தில் பிரித்தபோதும் ஒன்றுமில்லை. கடைசியாக இடது முன்கதவு. பின்பாதியில் பிரித்தோம், அமைதி. முன்தூணை ஒட்டி இருந்த டேப்பைப் பிரித்தோம். 78-லேயே வந்துவிட்டது, அதே உய்.

வீட்டுக்கு வந்ததும் கொத்தனார் மட்டம் பார்க்கிற ட்யூபில் ஒரு மீட்டர் துண்டை எடுத்துக்கொண்டேன். தம்பி மறுபடி ஓட்ட, ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை உள்பக்கமாகக் கதவு ஓரத்தில் மெல்ல நகர்த்தினேன். காருக்குள் சத்தம் கண்ணாடிகளில் பட்டுத் திரும்புவதால் வெறும் காதுக்கு இடம் பிடிபடாது. ட்யூபில் அப்படியில்லை. கைப்பிடிக்கு நேர் மேலே, தூணின் நடுப்பகுதியில், விசில் சட்டென்று பெரிதானது. அன்று இரவு காற்று அடங்கிய பிறகு வண்டியை வாசலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, புளோயரை முழு வேகத்தில் வெளிக்காற்றுக்கு வைத்தேன். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வெளியே கதவு இடுக்கு ஓரமாகக் கொண்டுபோனேன். நேராக ஏறிக்கொண்டிருந்த புகை அதே இடத்தில் வந்ததும் யாரோ ஊதிவிட்ட மாதிரி வெளிப்பக்கம் சாய்ந்தது. ஒரு சாண் நீளத்துக்கு மட்டும்.

காலையில் வெளிச்சத்தில் கதவைத் திறந்து பார்த்தேன். பாடியில் மாட்டியிருக்கிற ரப்பர் பீடிங்கில், கதவு அழுத்துகிற இடமெல்லாம் ஒரு கறுப்புக் கோடு பளபளவென்று ஓடுகிறது. அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் கோடு இல்லை. அதற்குப் பதில் செம்மண் தூசி மெல்லிய பொடியாக, விசிறி மாதிரி விரிந்து ஒட்டியிருந்தது. பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்தேன். வலப்பக்கக் கதவில் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. இங்கே புத்தகத்திலிருந்து உருவுகிற மாதிரி வந்துவிட்டது. பீடிங்கை விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஏதோ உருண்டது.

டேஷ்கேம் ஒயர்!

வண்டி டெலிவரி எடுத்த வாரத்தில் ஆக்சஸரீஸ் கடையில் கேமரா மாட்டினேன். முன்கண்ணாடி மேலிருந்து ஃபியூஸ் பாக்ஸுக்கு ஒயர் இறக்க வேண்டும். அவசரமாக வேலை முடிக்க பீடிங்கை உரித்து, அதன் அடியில் ஒயரைச் சொருகி, தட்டி மூடியிருக்கிறார்கள். பாதித் தூரம் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு சாணில் ஒயர் மடிந்து, பீடிங்கின் வாய் இரும்பு விளிம்பைக் கவ்வாமல் கோணிக்கொண்டு நின்றிருக்கிறது. ஒயர் மூன்று மில்லிமீட்டர் கூட இருக்காது.

உருவி எடுத்துவிட நானே போதும். ஆனால் ஒயரைத் திரும்ப எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் விஷயம். என் வண்டியில் முன்தூண் மூடியின் மேல் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறது. அதற்குள் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறார்கள். ஒயர் அதன் முன்னால் குறுக்கே போனால், விபத்து நேரத்தில் ஏர்பேக் விரிவதைத் தடுக்கலாம், ஒயரோ கிளிப்போ பிய்ந்து முகத்தில் அடிக்கலாம். இதை எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை. கேமரா மாட்டியவர்கள் தயவுசெய்து ஒயர் எந்த வழியில் போகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆட்டோ எலெக்ட்ரீஷியன் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். "பத்து நிமிஷம் இருங்க டீச்சர், ஏர்பேக் இருக்கிற இடம், உள்ள தேங்கி நிக்கிற கரண்ட் வடியணும்" என்று டீ குடிக்கப் போய்விட்டார். வந்து மூடியைக் கழற்றி, ஏர்பேக்குக்குப் பின்னால் வண்டியின் சொந்த ஒயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டி இறக்கினார். அவர் காத்திருந்த அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே அவரிடம் இனி எந்த வேலைக்கும் போவேன்.

கோணியிருந்த பீடிங்கை ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்து, இரண்டு நாள் கதவைச் சாத்தி வெயிலில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் நோட்டைப் பிடித்துக்கொண்டது. வைசர்களை ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்து எடுத்தோம். டேப் பசை விட்டுப்போன இடங்களில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தேன். 100-க்கு மேல் போனால் பொதுவான காற்றிரைச்சல் இருக்கத்தான் செய்கிறது. சாலை சொரசொரப்பாக இருக்கிற இடங்களில் டயர் சத்தம் வருகிறது, அது டயரின் குணம், அதை நான் தொடவில்லை.

அந்த ஞாயிறு அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஹைவேயில் ஏறியதும் பர்ஸ் திறந்தது, நீல டப்பா வெளியே வந்தது. மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார். காரிமங்கலம் தாண்டியது. அப்போதும் கையிலேயே இருந்தது. காவேரிப்பட்டணம் பாலத்தில் ஏறும்போது, ஆற்றைப் பார்த்துக்கொண்டே, தானும் பெரியம்மாவும் சின்ன வயதில் இந்த ஆற்றைக் கடந்து மாந்தோப்புக்கு நடந்துபோன கதையை ஆரம்பித்தார். நடுவில் நான் ஒரு கேள்வி கேட்டேன், திரும்பிப் பார்க்காமலேயே பதில் சொன்னார். டப்பா எப்போது பர்ஸுக்குள் போனது என்று நான் கவனிக்கவில்லை.