வலது சுண்டுவிரல்

2024 ஜூலை 2, செவ்வாய்

முதலாம் பாடம். கரும்பலகையில் திகதி எழுதக் கையைத் தூக்கினேன், வெண்கட்டி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடி விழுந்தது. பிள்ளைகளுக்குச் சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வலது சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் யாரோ இரவல் தந்த மாதிரி இருந்தன.

திருகோணமலை உவர்மலையில் உள்ள வீட்டிலிருந்து குச்சவெளிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம் மட்டும் 30 கிலோமீற்றருக்கு மேல். இரண்டு வருடமாக இதே 150 சிசி மோட்டார் சைக்கிள்தான். விறைப்பு தொடங்கியது சித்திரைக்குப் பிறகு. சாம்பல்தீவுப் பாலத்தில் ஒரு குறுகுறுப்பு, நிலாவெளியில் எறும்பு ஊரும், இறக்கக்கண்டிப் பாலம் ஏறும்போது ஒன்றுமே தெரியாது. இறங்கிக் கையை உதறினால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். இன்றைக்கு அது மூன்றாம் பாடம் வரை நீண்டது.

ஜூலை 6, சனி

கடைத்தெருவில் ஸ்பொஞ்ச் கிறிப் ஒரு சோடி வாங்கிக் கைபிடிக்கு மேலே மாட்டினேன். மெத்தை மாதிரி இருக்கிறது.

ஜூலை 10, புதன்

மெத்தையைக் கழற்றி எறிந்தாயிற்று. என் கை சின்னக் கை. கைபிடி தடித்ததால் விரல்கள் முழுதாகச் சுற்றி வரவில்லை, அதனால் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதோடு கச்சான் காற்று வேறு இடப்பக்கத்திலிருந்து தள்ளுகிறது. நிலாவெளியைத் தாண்டி வெளியான இடத்தில் சைக்கிள் வலப்பக்கம் இழுபட, நான் ஹாண்டிலைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்திருந்தேன். அதைக் கவனித்ததே இன்றைக்குத்தான்.

ஜூலை 13, சனி

டொக்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "எந்த விரல்?" பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவால் போகும் நரம்பாம். எனக்கு மற்றப் பக்கம், அதாவது அல்நார் நரம்பு. முழங்கையைச் சுவரில் இடித்தால் சுரீரென்று மின்சாரம் ஓடுமே, அதே நரம்புதான் கீழே வந்து உள்ளங்கையின் அடிப்பக்கத்தில், சுண்டுவிரலுக்கு நேரே நுழைகிறது. ஹாண்டிலில் என் பாரமெல்லாம் விழுவதும் அந்த இடத்தில்தான். நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் இது வருவதுண்டாம்.

பிறகு ஒரு தாளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி இழுத்தார். நான் விடவில்லை. "பலம் குறையேல்ல, நல்லது. இரவிலயும் விறைச்சா, இல்லாட்டி பிடி தளர்ந்தா உடனே வாங்கோ" என்றார். கதிரையில் முழங்கையை ஊன்றி இருக்கவும் தடை. பரீட்சைத் தாள் திருத்தும்போது நான் செய்வது அதைத்தான்.

ஜூலை 14, ஞாயிறு

அநுராதபுரச் சந்திப் பக்கம் வழக்கமாகப் போகும் கராஜ். மெக்கானிக் நானா சைக்கிளை ஸ்டார்ட் செய்து, த்ரொட்டிலை மெல்லத் திருகி, வலது கைபிடியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு இடது பக்கம் வந்தார். திரும்பவும் வலது பக்கம்.

"சேர், இந்தப் பக்கத்துக் குண்டு எங்க?"

ஹாண்டில் முனையில் இருக்க வேண்டிய இரும்புக் குண்டு வலது பக்கம் இல்லை. சித்திரை மாதம் கோயில் வாசலில் சைக்கிள் சரிந்து விழுந்தது ஞாபகம் வந்தது. கண்ணாடியைத்தான் அன்றைக்குப் பார்த்தேன், குண்டை யார் பார்த்தது?

அதோடு விடவில்லை. எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் முன் போல்டில் ஸ்பானரைப் போட்டார், முக்கால் சுற்றுத் தளர்வு. சில்லு, ஹாண்டில் பெயரிங் எல்லாம் ஆட்டிப் பார்த்தார், அவற்றில் குறை இல்லை. முன் ரயரில் மட்டும் காற்று கூடுதலாக இருந்தது. போல்டை இறுக்கி, காற்றைக் குறைத்து, பழைய சைக்கிள் ஒன்றிலிருந்து குண்டு ஒன்று கழற்றிப் பூட்டித் தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

குண்டு ஏன் வேண்டும்? விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு இது தெரியாமலா போனது! அடிமட்டத்தை மேசை விளிம்பில் நீட்டி, நுனியைத் தட்டிவிட்டேன். டுர்ர்ர். நுனியில் கொஞ்சம் களிமண் ஒட்டித் தட்டினேன். மெதுவாக, ஆடி அசைந்து அடங்கியது. ஹாண்டிலும் அடிமட்டம்தான். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, அதாவது செக்கனுக்கு 83 உதை. ஒற்றைச் சிலிண்டரில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனை முழுதாகச் சமப்படுத்த முடியாது, மிச்சம் ஹாண்டிலுக்கு வரும். அந்த உதையும் குழாயின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போனால் கைக்குக் கேடு. குண்டு அந்த ஒற்றுமையைக் குலைக்கிறது.

அதிரும் கருவிகளோடு வேலை செய்பவர்களுக்காக ஐரோப்பாவில் 2002இலேயே விதி வந்துவிட்டது. எட்டு மணி நேரத்துக்குக் கணக்கிட்ட அதிர்வின் ஆர்முடுகல் (முடுக்கம்) 2.5 மீற்றர்/செக்கன் வர்க்கத்தைத் தாண்டினால் முதலாளி ஏதாவது செய்ய வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. நான் தினமும் போகும் புல்மோட்டை வீதிக்கு முதலாளி யார் என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 20, சனி, போயா (பௌர்ணமி விடுமுறை)

வீட்டு முற்றத்தில் ஒரு மணி நேரம். சைக்கிளில் ஏறி இருந்து கண்ணை மூடிக் கையை நீட்டினேன். பிரேக் லீவர் என் விரல்களுக்கு மேலே இருந்தது, அதைத் தொட ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு மேல்நோக்கி முறிகிறது. கிளாம்ப் போல்டைத் தளர்த்தி லீவரைக் கொஞ்சம் கீழே சுற்றினேன். இப்போது முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடு. கிளச் கேபிளுக்கு எண்ணெய். தடித்த கையுறையை விட்டுவிட்டேன், அதன் தையல் சரியாக அந்த நரம்பின் மேல்தான் அழுத்திக்கொண்டிருந்தது.

ஜூலை 25, வியாழன்

அதிர்வை அளக்கப் பக்கக் கண்ணாடிதான் என் அளவுகோல். முன்பு 60இல் பின்னால் வரும் பஸ் நீலப் புகை மாதிரித் தெரியும். இன்றைக்கு அதன் பெயர்ப்பலகைக்கு மேலே இருந்த பிள்ளையார் படம் தெரிந்தது. 68இல் மறுபடி புகை. ஆகவே 68 வேண்டாம். எட்டு நிமிடம் முன்னதாக வெளிக்கிடுகிறேன், இறக்கக்கண்டியில் நிறுத்திக் கையை உதறுகிறேன்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

அப்பாவின் கடமைக்காக அம்மாவை ஏற்றிக்கொண்டு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனேன். கூட்டம். ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றிவிட்டு, ஒரு வாளியில் சுண்டுவிரலை மட்டும் விட்டுப் பார்த்தேன். சுட்டது. அடுத்த கிணற்றுத் தண்ணீர் இதைவிடச் சூடு குறைவு, அதுவும் தெரிந்தது. "என்னடா விரலை விட்டு விளையாடுறாய்?" என்றார் அம்மா. மோதிர விரலின் நுனியில் மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம்.

500 கிலோமீற்றரில் அந்த முன் போல்டைத் திரும்பவும் பார்க்க வேண்டும் என்று நானா சொல்லியிருந்தார். 900 தாண்டிவிட்டது.