இசைக்கவையின் அடிப்பிடி

பகலில் மாணவர்களின் செயல்முறை வகுப்பு, பின்னேரத்தில் குவாண்டம் நிலையில் அதிரும் நுண்பொருள்கள் பற்றிய ஆராய்ச்சி. பட்டம் முடித்த கையோடு எனக்கு வாய்த்த வேலை இது. "அதுக்கு யாழ்ப்பாணத்தில என்ன மெசின் இருக்கு?" என்று சொந்தக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2010இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில், வெறுங்கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் அதிரி ஒன்றை அதன் மிகத் தாழ்ந்த சக்தி நிலைக்கு இறக்கினார்கள். மீடிறன் சுமார் 6 கிகாஹேர்ட்ஸ். வெப்பநிலை, இருக்கக்கூடிய ஆகக் குறைந்த வெப்பநிலையான தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு கெல்வினில் நாற்பதில் ஒரு பங்கு. அவ்வளவு குளிர்விக்கும் குளிரூட்டி எங்களிடம் இல்லை. கணினி இருக்கிறது, பைதன் நிரல்மொழி இருக்கிறது, அப்புறம் உயர்தரப் பிள்ளைகளும் தொட்டுப் பழகிய இசைக்கவை இருக்கிறது.

அந்தக் கவையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தட்டிவிட்டுக் கையில் பிடித்தால் மெல்லிய ஒலி நெடுநேரம் நிற்கும். அடியை மேசையில் ஊன்றினால் சத்தம் எழும்பும், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். "அக்கா, சத்தம் கூடினா சக்தியும் கூடினதுதானே?" என்று ஒரு தம்பி கேட்டான். கூடவில்லை, மேசை வழியாக வேகமாக வெளியேறுகிறது. ஆராய்ச்சியில் அதிரவிடும், ஒரு சட்டகத்தில் இழுத்துக் கட்டிய நுண்மென்சவ்வுகளிலும் இதே தொல்லைதான், சக்தி அந்தச் சட்டகத்தின் வழியே ஒழுகிவிடும். 2017இல் கோபன்ஹேகன் குழு சிலிக்கன் நைத்திரைட்டு மென்சவ்வில் ஒழுங்கான துளைக்கோலம் இட்டு, அதிர்வு சட்டகத்தை எட்டாமல் தடுத்தது. அறை வெப்பநிலையிலேயே தரக்காரணி, அதாவது அடங்குமுன் எத்தனை அலைவுகள் நிற்கும் என்பதைக் காட்டும் எண், 10 கோடியைத் தாண்டியது.

ஏன் அவ்வளவு வேண்டும்? வெப்பம் குழப்புமுன் ஓர் அலைவாவது முழுதாக நடக்க, அறை வெப்பநிலையில் தரக்காரணியையும் மீடிறனையும் பெருக்கினால் ஏறக்குறைய 6 இலட்சம் கோடி ஹேர்ட்ஸைத் தாண்ட வேண்டும். 10 இலட்சம் ஹேர்ட்ஸ் மென்சவ்வுக்கு 60 இலட்சம் போதும். 512 ஹேர்ட்ஸ் கவைக்கோ ஆயிரம் கோடிக்கு மேல் தேவை. குளிரக் குளிர இந்தத் தேவை குறையும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் தாங்களே போட்ட பிள்ளைகளுக்குக் குளிரூட்டி எதற்கென்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புதிதாகச் சேர்கிறவர்கள் தொகுதியின் மொத்தச் சக்தியைக் குறிக்கும் ஹமில்டோனியன் என்ற கோவைக்கு நேரே பாய்ந்து, அதிர்வு அடங்குவதைக் குறிக்கும் தணிவை காமா என்ற ஓர் எழுத்தாக எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது மனவருத்தம். பரிசோதனைக்காரர் வருடக்கணக்காகப் போராடுவது அந்த ஓர் எழுத்தோடுதான். ஆகவே முதல் வேலையாகக் கவையின் ஒலியைக் கைபேசியில் பதியச் சொல்கிறேன். வீச்சத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சரிவிலிருந்து தரக்காரணி கிடைக்கும். கையில் பிடித்தபோது ஒரு சரிவு, மேசையில் ஊன்றியபோது அதைவிடச் செங்குத்தான இன்னொன்று. இரண்டையும் ஒரே தாளில் பார்த்த பிறகு சரி, கணினியில் போலச்செய்தலைத் தொடங்கலாம். வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்த வரைபைச் சேர்த்து அனுப்பும்படிதான் சொல்கிறேன்.