ஜங்ஷன் கடை, சேறு, அத்தான்

ஜனவரி 5, 2024

திருநெல்வேலியில் வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது. அத்தானின் மோட்டார் வைண்டிங் கடையில் சேற்று வாடை இன்னும் போகவில்லை. முங்கியதில் பாதிக்கு மேல் ரிப்பேருக்கு வந்த அடுத்தவர்கள் மோட்டார். ஒரே மோட்டாரை மடியில் வைத்துப் பழைய பல் பிரஷால் சுரண்டிக்கொண்டே இருக்கிறார். அது காலையிலேயே சுத்தமாகிவிட்டது.

விசாரிக்க வந்தவர்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தானிடம், "ஆம்பள, நீரே இப்பிடி உக்காந்தா எப்பிடிவே?" என்றார்கள். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

ஜனவரி 10

அக்கா போன் பண்ணினாள். தூக்கமில்லை, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார், ராத்திரி ஆனால் குடி. நெஞ்சை அடைக்கிறது என்று ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. மனச்சோர்வு ஆண்களிடம் பல சமயம் கோபமாக, குடியாக, உடம்பு வலியாகத்தான் வெளியே வரும். நம் ஊரில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்து முடித்துவிடுவார்கள்.

ஜனவரி 13

அக்காவுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டுபோனேன். கரும்புக்கட்டைப் பார்த்ததும் அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் தங்கைக்கு இந்த வருஷம் படி கொடுக்கக் காசில்லை. கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாது. ஊர் சொல்லும். சீர் செய்ய முடியாதவன் அண்ணனா என்று ஊர் கேட்பதற்கு முன்னால் இவரே தன்னைக் கேட்டுக்கொள்கிறார்.

ஜனவரி 18

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையைப் பார்த்தேன். நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். நூற்றுக்கு 72 பேர் ஆண்கள். காரணங்களில் முதலில் நிற்பது குடும்பப் பிரச்சினை. அந்த ஒரு கட்டத்துக்குள் எத்தனை பொங்கல்படி கிடக்கிறதோ.

பயந்துபோய் அத்தானுக்கு 14416-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண். ராத்திரி பகல் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பார்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஜனவரி 24

"வா மாப்பிள, போவோம்" என்று அவரே கூப்பிட்டார். ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு. ஓபி சீட்டு வாங்கும்வரை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பெஞ்சில் பார்த்தால், கடையில் மோட்டார் போட்டிருந்த அண்ணாச்சி ஒருவர். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, ஒங்க மோட்டாரு..."

"அத விடும்வே. தூக்கம் வருதா ஒமக்கு?"

உள்ளே டாக்டர் அவசரப்படுத்தவில்லை. மாத்திரை பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், நடுவில் நிறுத்தக்கூடாது, குடியை விட வேண்டும் என்றார்.

திரும்பும்போது அத்தான், "அக்காட்ட கேஸ் மாத்திரைன்னு சொல்லிருலே" என்றார். அக்காதான் என்னை அனுப்பினாள் என்று நான் சொல்லவில்லை.