வீரனின் கண்ணும் நடுவரின் கண்ணும்

குத்துச்சண்டையின் மிக உயர்ந்த எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் பல ஆண்டுகள் சண்டையிட்ட ஒருவர் நடுவராக வந்தால், அந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அடி வாங்கியவருக்கு அதன் கனம் தெரியும், கொடுத்தவருக்கு அதன் வேகம் தெரியும், பிறகென்ன என்பது அவர்கள் கணக்கு. இரண்டு வேலைகளையும் செய்தவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. வீரனாக வளர்த்துக்கொண்ட பார்வையில் பாதியைக் கழற்றி வைத்த பிறகுதான் என்னால் நடுவராக நிற்க முடிந்தது.

நான் சண்டையிட்ட காலத்தில் அமெச்சூர் போட்டிகளில் 91 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் ஒரே பிரிவு. மற்றப் பிரிவுகளில் எதிரே நிற்பவரும் ஏறக்குறைய நம் எடையில்தான் இருப்பார். இங்கே மேல் எல்லை கிடையாது என்பதால் 95 கிலோ உள்ளவர் 120 கிலோ உள்ளவரோடு மோத வேண்டி வரும். பயிற்சிக்கு ஏற்ற துணை கிடைப்பதே அரிது. எடை குறைந்த பிரிவுகளில் ஒரு வீரர் சுற்றுக்குச் சுற்று புள்ளி சேர்த்து வெற்றியைக் கட்டி எழுப்புவார். எங்கள் பிரிவில் அப்படிச் சேர்த்ததெல்லாம் ஒரே குத்தில் போய்விடும். அதனால் எங்கள் கண் ஒரு விதமாகப் பழகுகிறது: எதிரியின் தோள் எப்போது இறங்குகிறது, முழங்கை எப்போது விலாவை விட்டு விலகுகிறது, அந்த இடைவெளி எங்கே திறக்கிறது என்று அது எந்நேரமும் வாய்ப்பையே தேடிக்கொண்டிருக்கும்.

அடி வாங்குவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாடையின் ஓரத்தில் ஒரு நல்ல ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து, விழும்போது பெரும்பாலும் வலி தெரிவதில்லை. தலை சட்டென்று திரும்பிவிடுகிறது. மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளை அதே வேகத்தில் திரும்புவதில்லை. மயக்கம் வருவது அந்த இழுபறியால்தான். கூட்டத்தின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கிறது. கால்கள் இருக்கின்றன, ஆனால் சொன்ன சொல்லைக் கேட்பதில்லை. இத்தனைக்கும் நடுவே மனத்தில் ஓடுவது ஒன்றே ஒன்று: நான் நன்றாகத்தான் இருக்கிறேன், இன்னும் ஒரு குத்துக்கு இடம் கிடைத்தால் போதும். அந்த நிலையில் இருக்கும் வீரனிடம் தொடர முடியுமா என்று கேட்டால், முடியும் என்றுதான் சொல்வான். நானும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. தன் நிலை என்ன என்று அறிய வேண்டிய உறுப்பே அடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வயது ஏறி, குத்து வருவது தெரிந்தும் தலை விலகாத காலம் வந்தபோது விளையாட்டை நிறுத்திக்கொண்டு நடுவர் பயிற்சிக்குப் போனேன். விதிகளைப் படிப்பது கடினமாக இல்லை. 6.10 மீட்டர் சதுர வளையத்தில் இரண்டு பெரிய உடல்களோடு மூன்றாவது பெரிய உடலாக நகர்வதைத்தான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. நடுவர் இருவருக்கும் பக்கவாட்டில் நின்று நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அதே சமயம் மேசையில் இருக்கும் புள்ளி நடுவர்களின் பார்வையையும் மறைக்கக் கூடாது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தால் கையால் இழுத்துப் பிரிக்கும் ஆசை என்னைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களுக்கு இயல்பாகவே வரும். ஆனால் 'ஸ்டாப்', 'பாக்ஸ்', 'பிரேக்' என்ற மூன்று கட்டளைகளால்தான் அந்த வேலை நடக்க வேண்டும். 'பிரேக்' என்றால் இருவரும் ஓரடி பின்னால் வைத்த பிறகே மீண்டும் குத்தலாம். நடுவர் ஒருவரின் கையைப் பிடித்திருக்கும் நொடியில் மற்றவர் குத்திவிட்டால், அந்தக் குத்தில் நடுவருக்கும் பங்கு உண்டு.

வளையத்தில் இருந்த அனுபவம் மட்டும் ஒருவரை நடுவராக்கிவிடாது என்பதற்கு ஜெர்சி ஜோ வால்காட்டின் பெயரைத்தான் நான் எப்போதும் நினைப்பேன். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. உலகப் பட்டத்துக்கான நான்கு முயற்சிகளில் தோற்று, ஐந்தாவது முயற்சியில், 1951-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க்கில் எஸார்ட் சார்ல்ஸை ஏழாவது சுற்றில் வீழ்த்தி, 37 வயதில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர் அவர். அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் ராக்கி மார்சியானோவை முதல் சுற்றிலேயே கீழே தள்ளி, 12 சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளித் தாளிலும் முன்னிலையில் இருந்து, 13-ஆவது சுற்றில் ஒரே வலக்கைக் குத்தில் பட்டத்தை இழந்தார். ஹெவிவெயிட்டின் இயல்பு இவ்வளவுதான் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

அவரே 1965 மே 25 அன்று மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் முகமது அலியும் சன்னி லிஸ்டனும் மோதிய இரண்டாவது போட்டிக்கு நடுவராக நின்றார். முதல் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்தார். அலி, இரு வீரருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்குப் போகாமல் விழுந்தவரின் தலைமாட்டிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். அவரை அங்கிருந்து நகர்த்துவதிலேயே வால்காட்டின் கவனம் போயிற்று. விழுந்தவர் எழுவதற்கான பத்து நொடியை எண்ணும் நேரக்காப்பாளரின் எண்ணிக்கை அவரை எட்டவில்லை. லிஸ்டன் எழுந்து இருவரும் மீண்டும் மோதத் தொடங்கிய பிறகு, பத்து நொடிக்கு மேல் ஆகிவிட்டது என்று வளையத்தின் ஓரத்திலிருந்து 'த ரிங்' இதழின் ஆசிரியர் நாட் பிளைஷர் குரல் கொடுக்க, மோதிக்கொண்டிருந்த இருவரையும் விட்டுவிட்டு வால்காட் அந்தப் பக்கம் போய்க் கேட்டார்; திரும்பி வந்து போட்டியை முடித்துவைத்தார். லிஸ்டனை வீழ்த்திய அந்தக் குத்தைப் பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை. என் அக்கறை குத்தைப் பற்றியது அல்ல, எண்ணிக்கையைப் பற்றியது. 1927-இல் சிகாகோவில் ஜாக் டெம்ப்ஸி நடுநிலை மூலைக்குப் போகத் தாமதித்தபோது, நடுவர் டேவ் பாரி அவர் போகும் வரை எண்ணத் தொடங்காமல் காத்திருந்தார். விழுந்திருந்த ஜீன் டன்னிக்குக் கூடுதலாகச் சில நொடிகள் கிடைத்தன. அதற்காகப் பாரி ஏச்சு வாங்கினாலும் விதி அவர் பக்கம் இருந்தது. மேலே நிற்பவர் விலகும் வரை எண்ணிக்கை காத்திருக்கும் என்பது நடுவரின் கையில் இருக்கும் மிகப் பெரிய பிடி. வால்காட் அந்த நேரத்தில் அலியைப் பார்த்தார். வீரனின் கண் அப்படித்தான் பார்க்கும். நிற்பவரிடமிருந்துதான் ஆபத்து வரும் என்பதே அதற்குத் தெரிந்த பாடம். நடுவர் பார்க்க வேண்டியவர் கீழே கிடப்பவர்.

1947-இல் அன்றைய சாம்பியன் ஜோ லூயிஸுக்கு எதிராக வால்காட் ஆடிய போட்டியின் முடிவு அவருக்கு எதிராகப் போனபோது, அவருக்குச் சாதகமாகப் புள்ளி போட்ட ஒரே ஆள் நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைன். அவரும் முன்னாள் வீரர்தான். தம் காலத்தின் சிறந்த நடுவர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தவர். அவர் நின்ற வளையத்தில்தான் 1962 மார்ச் 24 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், எமில் கிரிஃபித் 12-ஆவது சுற்றில் பென்னி பாரெட்டை மூலையில் நிறுத்தி அடித்தார். பாரெட் விழவில்லை. கயிறு அவரைத் தாங்கிக்கொண்டது. சோர்ந்துவிட்டதுபோல் தோன்றிப் பிறகு மீண்டெழுந்து வருபவர் என்ற பெயர் பாரெட்டுக்கு இருந்தது; அதே போட்டியில் ஆறாவது சுற்றில் கிரிஃபித்தைக் கீழே தள்ளியவரும் அவர்தான். கோல்ட்ஸ்டைன் உள்ளே புகுந்து நிறுத்துவதற்குள் காலம் கடந்துவிட்டது. பத்து நாள் கழித்துப் பாரெட் இறந்தார். அந்தப் படச்சுருளைப் பயிற்சியின்போது பார்த்த பிறகு, கயிற்றில் சாய்ந்து நிற்கும் வீரரை நான் நிற்பவராகவே கணக்கில் எடுப்பதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமாக 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகஸில் நடந்ததைச் சொல்வார்கள். ஹூலியோ சேசார் சாவேஸுக்கு எதிரான போட்டியில் இரண்டு புள்ளி நடுவர்களின் தாளில் முன்னிலையில் இருந்த மெல்ட்ரிக் டெய்லர் கடைசிச் சுற்றில் விழுந்தார், எழுந்தார், நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இரண்டு நொடி மீதி இருக்கையில் ஸ்டீல் போட்டியை நிறுத்தினார். இரண்டு நொடியில் என்ன ஆகிவிடும் என்று இன்றும் கேட்கிறார்கள். நான் ஸ்டீலின் பக்கம். நடுவருக்கு முன்னால் இருப்பது ஒரு முகம். கடிகாரம் அவர் பார்வையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கருத்தை ஏற்காத நண்பர்கள் எனக்குப் பலர் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் முன்னாள் வீரர்கள்.

என் சொந்த அனுபவத்திலிருந்து ஒன்று. அது ஒரு ஹெவிவெயிட் அரையிறுதி, இரண்டாவது சுற்று. நீல மூலை வீரர் நேராக வந்த வலக்கைக் குத்தை நெற்றிப்பொட்டில் வாங்கினார்; முழங்கால் மடங்கியது, முதுகு கயிற்றில் பட்டு நின்றது. 'ஸ்டாப்' சொல்லி, சிவப்பு மூலை வீரரை நடுநிலை மூலைக்கு அனுப்பிவிட்டு, விரல்களை நீல மூலை வீரரின் கண் முன்னே காட்டி எண்ணத் தொடங்கினேன். எட்டு வருவதற்கு முன்பே அவர் கைகளை உயர்த்தி நின்றார். பார்வையாளர்கள் பார்த்தது அதைத்தான். நான் அவருடைய கையுறைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வரச் சொன்னேன். வலது கால் வந்தது. இடது கால் தரையை உரசிக்கொண்டு, அரை நொடி தாமதமாக, குதிகால் தூக்காமல் வந்தது. கண்கள் என் முகத்தின் பக்கம் இருந்தனவே தவிர என்னைப் பார்க்கவில்லை. கையை அசைத்து முடித்துவிட்டேன். அவருடைய பயிற்சியாளர் மேடை ஓரத்துக்கு வந்து, "இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா என் பையன் திருப்பிக் கொடுத்திருப்பான் சார்!" என்று கத்தினார். மருத்துவர் அந்த வீரரிடம் எத்தனையாவது சுற்று என்று கேட்டதற்கு, முதல் சுற்று என்று தெளிவான குரலில் பதில் வந்தது. பயிற்சியாளர் அதைக் கேட்டார், ஏற்கவில்லை. மறுநாளும் என்னோடு பேசவில்லை. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது; அந்த வீரரோடு மாதக்கணக்கில் உழைத்தவர் அவர்.

அந்த இடது கால் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் என் காலும் ஒரு காலத்தில் அப்படி வந்திருக்கிறது. வீரனாக இருந்தது உண்மையில் உதவும் இடம் இதுதான். ஆனால் அந்த நினைவை எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால், 'இன்னும் ஒரு குத்துக்கு இடம் கிடைத்தால் போதும்' என்ற பழைய குரலை முதலில் அடக்க வேண்டும். அதே உடலில்தான் இரண்டும் பதிந்திருக்கின்றன.

இப்போது புதிய நடுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டிகளைத் திரையிடுகிறேன். அடிப்பவரைப் பார்க்கக் கூடாது, அடி வாங்குபவரை மட்டும் பார்க்க வேண்டும், நிறுத்த வேண்டும் என்று தோன்றும் நொடியில் மேசையைத் தட்ட வேண்டும். முதல் வாரங்களில் முன்னாள் ஹெவிவெயிட் வீரர்களின் கைதான் எல்லோருக்கும் கடைசியாகத் தட்டும். வளையத்தில் ஏறியே இராதவர்கள் அவர்களுக்கு மூன்று நான்கு குத்துகள் முன்பே தட்டிவிடுவார்கள். பழகப் பழக அது மாறுகிறது. பயிற்சி முடியும் தறுவாயில், மற்றவர்கள் தலை சாய்வதற்காகக் காத்திருக்கும்போது, இவர்கள் முழங்காலையும் பாதத்தையும் பார்த்து முதலில் தட்டுகிறார்கள்.