டார்வினின் மக்காச்சோளமும் பதினைந்து நாணயங்களும்

அம்மா தாயம் ஆடுவதற்கென்று சேர்த்து வைத்த புளியங்கொட்டைகள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இன்னும் என்னிடம் இருக்கின்றன. தண்ணீர் தெளித்துக் கருங்கல் படியில் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளையாக்கி வைத்திருப்பார். மறுபக்கம் பளபளவென்ற பழுப்பு. போன மாதம் அவற்றிலிருந்து பதினைந்தை எண்ணி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வகுப்புக்குப் போனேன். நான் ஒரு கலைக் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். அன்றைய பாடம், இரண்டு முழுமைத்தொகுதிகளின், அதாவது இரண்டு பெருங்கூட்டங்களின், சராசரிகளை ஒப்பிடும் கருதுகோள் சோதனை.

இந்தப் பாடத்தைச் சூத்திரத்திலிருந்து தொடங்கக் கூடாது என்று சில ஆண்டுகளாகவே உறுதியாக இருக்கிறேன். சூத்திரம் கைக்கு வந்துவிட்டால் பிள்ளைகள் எண்களைப் போட்டு விடையை எடுத்துவிடுவார்கள். அந்த விடை எந்தக் கேள்விக்கானது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதனால் நான் டார்வினின் மக்காச்சோளத்திலிருந்து தொடங்குகிறேன்.

சார்லஸ் டார்வின் மணந்தது தன் தாய்மாமன் மகளை. நம் பக்கத்தில் இதைச் சொன்னால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். என் தாத்தாவும் பாட்டியும்கூட அப்படித்தான். ஆனால் டார்வினுக்கு அது வாழ்நாள் கவலையாக இருந்தது. பத்துக் குழந்தைகளில் மூன்று சிறு வயதிலேயே இறந்துபோயின. நெருங்கிய உறவில் பிறக்கும் உயிர் நலிந்து போகுமோ என்ற கேள்வி அவரை விடவில்லை. 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வியைச் சேர்க்க முயன்றார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. செடிகளிடம் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தன் மகரந்தச் சேர்க்கையில் பிறந்த செடிகளையும் அயல் மகரந்தச் சேர்க்கையில் பிறந்த செடிகளையும் பதினோரு ஆண்டுகள் வளர்த்து ஒப்பிட்டு, 1876இல் நூலாக வெளியிட்டார். அதில் வரும் ஒரு சிறிய அட்டவணைதான் எங்கள் பாடம்: மக்காச்சோளம், பதினைந்து இணைகள், நான்கு தொட்டிகள்.

அவர் செய்த விதத்தைக் கவனியுங்கள். இரண்டு வகை விதைகளையும் ஈர மணலில் முளைக்க வைத்தார். ஒரே நேரத்தில் முளைவிட்ட இரண்டை இணையாக எடுத்து, ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நட்டார். மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, முளைத்த நேரமும் ஒன்று. வேறுபாடு பிறப்பில் மட்டும் இருக்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடு.

கரும்பலகையில் பதினைந்து இணைகளையும் எழுதினேன். முதல் இணையில் அயல் சேர்க்கைச் செடி 23.5 அங்குலம், தன் சேர்க்கைச் செடி 17.375 அங்குலம். இரண்டாவது இணையில் எல்லாம் தலைகீழ்: அயல் சேர்க்கைச் செடி வெறும் 12 அங்குலம், தன் சேர்க்கைச் செடி 20.375. பிறகு வரிசையாகப் பன்னிரண்டு இணைகளில் அயல் சேர்க்கைச் செடியே உயரம். கடைசி இணையில் மறுபடியும் ஒரு 12 அங்குலக் குள்ளம், எதிரே 18. சராசரி பார்த்தால் அயல் சேர்க்கைச் செடிகள் 2.6 அங்குலம் கூடுதல் உயரம். இணைக்கு இணை வேறுபாட்டை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காக எழுதிக் கூட்டினால் மொத்தம் 314.

இந்த 314 தற்செயலாக வந்திருக்க முடியுமா? பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

பிறப்பால் எந்த வேறுபாடும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பாடநூல் இதை இன்மைக் கருதுகோள் என்கிறது. அப்படியானால் ஒவ்வொரு இணையிலும் எந்தச் செடி உயரமாக வளர்ந்தது என்பது வெறும் அதிர்ஷ்டம். முதல் இணையின் வேறுபாடு 49 என்றால் அது கூட்டல் 49 ஆகவும் இருந்திருக்கலாம், கழித்தல் 49 ஆகவும் இருந்திருக்கலாம். கொட்டையை எறிவோம், வெள்ளை விழுந்தால் கூட்டல், பழுப்பு விழுந்தால் கழித்தல். பதினைந்து பேர் ஆளுக்கொரு எண்ணைத் தாளில் எழுதிப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு கொட்டையுடன் நின்றார்கள்.

அப்போது மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், தேய்த்த கொட்டை இரண்டு பக்கமும் சமமாக விழுமா?”

இந்தக் கேள்விக்காக அவளுக்கு அன்றைக்கே முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். பாடத்தை நிறுத்தினேன். பதினைந்து கொட்டைகளையும் சேர்த்து இருபது முறை எறிந்து எண்ணினோம். 300 விழுதல்களில் வெள்ளை 179. சமமான கொட்டையாக இருந்தால் 150ஐ ஒட்டி வர வேண்டும்; நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை 133க்கும் 167க்கும் நடுவில்தான் நிற்கும். 179 அதற்கு வெளியே வெகுதூரம் போய்விட்டது. அம்மாவின் கொட்டைகளைப் பாட்டிலுக்கே அனுப்பிவிட்டு, பையிலிருந்த ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்தோம்.

இரண்டு பாட வேளைகள் சுண்டினோம். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டலும் கழித்தலுமாக வந்த தொகையைப் பலகையில் எழுதினோம்: 62, கழித்தல் 118, 204, கழித்தல் 26. அறுபது சுற்றுகளில் மூன்றே மூன்று முறைதான் தொகை 314ஐ எட்டியது அல்லது கழித்தல் 314க்குக் கீழே இறங்கியது. முதல் தடவை அது நடந்தபோது வகுப்பில் எழுந்த சத்தத்தைக் கேட்டு அடுத்த அறையிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

மொத்தம் 32,768 விதமாகக் கூட்டல் கழித்தல் அடையாளங்களைப் போடலாம். அன்று இரவு வீட்டுக் கணினியில் அத்தனையையும் ஓட விட்டேன். 314ஐயோ அதற்கும் மேலேயோ எட்டியவை, இருபுறமும் சேர்த்து, 1,726. அதாவது 5.27 சதவீதம். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935இல், கணினி என்ற பொருளே இல்லாத காலத்தில், இதே அட்டவணைக்கு இதே எண்ணிக்கையை எடுத்துக் காட்டியிருக்கிறார். என் திரையில் 1,726 வந்து நின்றபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள்தான் டி சோதனை. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், குறைந்த எண்ணிக்கையிலான அளவீடுகளை வைத்து எப்படி முடிவு சொல்வது என்று தவித்து, 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. வேறுபாடுகளின் சராசரியை அதன் திட்டப் பிழையால், அதாவது அந்தச் சராசரி தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவால், வகுக்க வேண்டும். நமக்கு 314ஐப் பதினைந்தால் வகுத்த 20.93ஐ 9.75ஆல் வகுத்தால் 2.148. இதுதான் டி. பதினைந்து இணைகளுக்கு 5 சதவீத மட்டத்தில் டி அட்டவணை கேட்பது 2.145. மூன்றாம் தசமத்தில் தாண்டிவிட்டது! பி மதிப்பு, அதாவது தற்செயலாகவே இவ்வளவு பெரிய வேறுபாடு வருவதற்கான வாய்ப்பு, 4.97 சதவீதம்.

நாணயம் சுண்டினால் 5.27, சூத்திரம் போட்டால் 4.97. ஒன்று 5 சதவீத வேலிக்கு இந்தப் பக்கம், மற்றொன்று அந்தப் பக்கம். செடிகள் மாறவில்லை, தொட்டிகள் மாறவில்லை. ‘வேறுபாடு உண்டு’ என்று ஒன்றுக்கும் ‘வேறுபாடு இல்லை’ என்று மற்றொன்றுக்கும் எழுதினால் அது எவ்வளவு பெரிய அபத்தம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. 5 சதவீதம் என்பது வசதிக்காக வைத்துக்கொண்ட ஒரு கோடு. வசதியானது என்றுதான் ஃபிஷரே 1925இல் எழுதினார். இதே எண்களிலிருந்து உயர வேறுபாட்டுக்கு 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய எல்லைகள், எடுத்தால், கிட்டத்தட்ட பூஜ்யத்தில் தொடங்கி 5.2 அங்குலம் வரை போகிறது. வேறுபாடு அற்பமாகவும் இருக்கலாம், ஒரு சாண் அளவில் பாதிக்கு மேலும் இருக்கலாம் என்று அந்த இடைவெளி சொல்வதில் உள்ள நேர்மை பி மதிப்பில் கிடையாது. இரண்டையும் சேர்த்து எழுதாத விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

இன்னொன்றையும் ஒவ்வோர் ஆண்டும் தொண்டை வலிக்கச் சொல்கிறேன். 5 சதவீதம் என்பது ‘இரு வகைகளும் சமமாக இருப்பதற்கு 5 சதவீத வாய்ப்பு’ என்று பொருள்படாது. சமம் என்றே வைத்துக்கொண்டால் இவ்வளவு பெரிய வேறுபாடு எத்தனை முறை தலைகாட்டும் என்பதுதான் அது. நாணயம் சுண்டிய பிள்ளைகளுக்கு இது குழம்புவதே இல்லை. பலகையில் எழுதிய அறுபது தொகைகளும் ‘சமம்’ என்று வைத்துக்கொண்ட உலகத்திலிருந்து வந்தவை என்று அவர்களுக்குத் தெரியும்.

அதே மூன்றாம் பெஞ்சு மாணவி இணையைக் கவனிக்காமல், பதினைந்து செடிகள் ஒரு குழு, பதினைந்து செடிகள் இன்னொரு குழு என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தாள். அவளுக்கு டி 2.437. பி மதிப்பு ஏறத்தாழ 2 சதவீதம். “இதுதானே மேடம் இன்னும் பலமான விடை?” என்றாள்.

பொதுவாக இணைத்து ஒப்பிட்டால்தான் சோதனை கூர்மையாகும். இங்கே தலைகீழ். காரணம் அந்த இரண்டு 12 அங்குலக் குள்ளச் செடிகள். அவற்றின் எதிரே சராசரிக்கு மேல் வளர்ந்த செடிகள் நிற்கின்றன. டார்வினுக்காக இந்த எண்களைப் பார்த்த பிரான்சிஸ் கால்டனும் இணைகளைப் பிரித்து, ஒவ்வொரு வகையையும் தனித்தனியே உயர வரிசையில் அடுக்கினார். கால்டன் டார்வினுக்கு உறவு. இருவருக்கும் ஒரே தாத்தா, பாட்டிகள் வேறு. ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது ஐம்பது செடிகளாவது வேண்டும் என்று அவர் கேட்டது நியாயம். ஆனால் இணையைக் கலைத்தது தவறு என்று ஃபிஷர் கண்டித்தார். ஈர மணலில் முளைத்த நேரம் பார்த்து, ஒரே தொட்டியில் எதிரெதிரே நட்ட அத்தனை பாடும் அந்த அடுக்கலில் வீணாகிப் போகிறது. செடியை இணையாக நட்டால் கணக்கும் இணையாகத்தான். எந்த விடை பலமானது என்று பார்த்துவிட்டுச் சோதனையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

படிப்பு முடித்து நான் சேர்ந்த முதல் வேலை ஒரு கோழித் தீவன நிறுவனத்தில். எட்டுப் பண்ணைகளில், பண்ணைக்கு இரண்டு கொட்டகைகள்: ஒன்றில் பழைய தீவனம், மற்றொன்றில் புதியது. முட்டை எண்ணிக்கை என் மேசைக்கு வந்தது. பண்ணைவாரியாக இணைத்துப் பார்த்ததில் பி மதிப்பு 0.09, அதாவது 9 சதவீதம். மேலாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “ஐந்துக்குக் கீழே வர என்ன வழி என்று பாரம்மா” என்றார், அன்பாகவே. ஒரு பண்ணையில் புதிய தீவனம் தின்ற கோழிகள் குறைவாக முட்டையிட்டிருந்தன. அந்தப் பண்ணையில் வெயில் காலத்தில் நோய் வந்ததாக யாரோ சொன்னார்கள். எடுத்துவிட்டேன். 0.04 வந்தது. ‘புள்ளியியல் முறையில் உறுதி செய்யப்பட்டது’ என்ற வரியைத் தட்டச்சு செய்ததும் நான்தான். மூட்டைக்குக் கூடுதல் விலை கொடுத்து அந்தத் தீவனத்தை வாங்கியவர்கள் அந்த வரியை நம்பி வாங்கினார்கள். நோய் வந்தது உண்மையா என்று நான் ஒரு தொலைபேசி அழைப்புகூடச் செய்யவில்லை. இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்த எட்டாவது பண்ணையின் எண்கள் இன்றும் எனக்கு மனப்பாடம்.

அதனால் என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். செயல்திட்டம் செய்யும் ஒவ்வொருவரும் ஓர் எண்ணைக்கூட அளப்பதற்கு முன்னால், எதை அளக்கப் போகிறார்கள், எந்தச் சோதனை, இடையில் ஏதாவது கெட்டுப்போனால் என்ன செய்வார்கள் என்று ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, மடித்து என்னிடம் கொடுத்துவிட வேண்டும். செயல்திட்டம் முடியும் நாளில்தான் மற்றவர்கள் முன்னால் அதை மறுபடி பிரிப்போம்.

மூன்றாம் பெஞ்சு மாணவி நேற்றுத் தன் தாளைக் கொண்டுவந்தாள். வீட்டு மாடியில் கத்தரி நாற்று, பைக்கு இரண்டாக இருபது பைகள். ஒன்றுக்குப் பஞ்சகவ்யம், மற்றொன்றுக்கு வெறும் தண்ணீர். இலையில் தெளிப்பது வழிந்து பக்கத்துச் செடியின் வேரில் கலந்துவிடாமல் இருக்கப் பையின் நடுவே தகடு செருகி, தெளிக்கும்போது பக்கத்துச் செடியை மறைத்துக்கொள்வாளாம். எந்தப் பக்கத்துச் செடிக்கு எது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்வதாக எழுதியிருந்தாள். டார்வின் செய்யாமல் விட்டதாக ஃபிஷர் குறை சொன்னது இதைத்தான். வகுப்பில் அதுவரை நான் அந்த இடத்துக்கு வரவே இல்லை.

கீழே பென்சிலால் இன்னொரு வரி: “செடி பட்டுப்போனால் அன்றைக்கே படம் எடுத்து வைப்பேன். அந்த இணையைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விடைகளையும் எழுதுவேன்.”

பென்சிலை அழித்துப் பேனாவால் எழுதச் சொன்னேன். எழுதி, மடித்துக் கொடுத்துவிட்டு, நாற்று வாங்கச் சந்தைக்குப் போய்விட்டாள்.