கரடிக் காட்டில் டென்ட் அடிக்கும் முன்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், யெல்லோஸ்டோன் பூங்காவை ஒட்டிய மலைக்காடுகளில் ஒயிட்பார்க் பைன் மரங்களைக் கணக்கெடுக்கும் குழுக்களோடு பல கோடைகள் வேலை பார்த்திருக்கிறேன். சாமான்களை முதுகில் சுமந்து நடந்தே போய், வேலை முடியும்வரை அங்கேயே தங்க வேண்டும். அந்த மரத்தின் கொட்டையில் கொழுப்புச் சத்து அதிகம். குளிர்கால உறக்கத்துக்கு முன் கிரிஸ்லி கரடிகள் அதைத் தேடித் தின்னும். ஆக, எங்களுக்கு வேலை இருக்கும் இடத்தில்தான் கரடிக்கும் வேலை இருக்கும்.

புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோருக்கும் இரவை நினைத்துத்தான் பயம். யெல்லோஸ்டோன் பூங்காவின் கணக்கோ வேறு மாதிரி சொல்கிறது. காட்டுக்குள் டென்டில் தங்குபவர்களைக் கரடி காயப்படுத்துவது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இரவுகளுக்கு ஒருமுறை. காட்டுக்குள் நடப்பவர்களை எடுத்துக்கொண்டால், சுமார் 2,32,000 நாட்களுக்கு ஒருமுறை. அதனால் என் கவலையில் பெரும்பங்கு பகல் நடைக்குத்தான். ஓடைச் சத்தம் பலமாக இருக்கும் இடத்திலும், எதிரே வருவது தெரியாத வளைவிலும் சத்தமாகப் பேசிக்கொண்டே போவோம். கரடி ஸ்ப்ரே, அதாவது பாய்ந்து வரும் கரடியின் முகத்தில் அடிக்கும் மிளகாய்க் கார மருந்து, இடுப்பில்தான் இருக்க வேண்டும், பைக்குள் அல்ல. அது ஏறக்குறைய 9 மீட்டர்தான் பாயும். கிரிஸ்லியோ மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடி வரும். ஜிப்பைத் தேட நேரமே கிடைக்காது. சிலர் கொசு மருந்து போல அதை டென்ட் மேலேயே அடித்து வைக்கிறார்கள். அது ஆபத்து. காரம் அடங்கிய பிறகு அந்த வாசனையே கரடியை இழுக்கும்.

இரவைப் பொறுத்தவரை சாப்பாடுதான் விஷயம். சமைக்கும் இடமும் சாப்பாட்டுப் பொருட்களை வைக்கும் இடமும் டென்டிலிருந்து 90 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சமைத்தபோது போட்டிருந்த சட்டையோடு படுக்கக் கூடாது. கரடியால் திறக்க முடியாத டப்பாவுக்குள் பற்பசை, லிப் பாம், சன்ஸ்கிரீன் எல்லாம் போகும். என்னிடமிருந்து கூடுதலாகப் புளிக்காய்ச்சல், ஊறுகாய், தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெய். "எண்ணெயுமா?" என்று கேட்பார்கள். ஆமாம், எண்ணெயும்தான். அந்த டப்பாக்களை மொன்டானாவில் ஒரு விலங்குக் காப்பகத்தில் உண்மையான கிரிஸ்லிகளிடமே கொடுத்துச் சோதிக்கிறார்கள். உள்ளே தீனி வைத்து, கரடி கடித்தும் மிதித்தும் ஒரு மணி நேரம் உடையாமல் இருந்தால்தான் தேறும்.

2021 ஜூலையில் ஒவாண்டோ என்ற சிற்றூரில் நடந்ததை ஒவ்வொரு குழுவுக்கும் சொல்வேன். சைக்கிளில் பயணம் வந்த ஒரு பெண் அங்கே டென்டில் தங்கியிருந்தார். விடியற்காலை 3 மணிவாக்கில் ஒரு கிரிஸ்லி வந்தது. பக்கத்து டென்டில் இருந்தவர்களும் எழுந்து அதை விரட்டினார்கள். டென்டில் இருந்த சாப்பாட்டை அப்புறப்படுத்திவிட்டு மறுபடி படுத்தார்கள். ஒரு மணி நேரம் போல ஆனதும் கரடி திரும்பி வந்தது. அந்தப் பெண் பிழைக்கவில்லை. சில நாளில் அந்தக் கரடியையும் சுட்டார்கள். கரடி ஒருமுறை வந்து போன இடத்தில் அந்த இரவு மறுபடி படுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் நடக்கும் என்பதையும் மறைப்பதில்லை. 2010-ல் யெல்லோஸ்டோனுக்குப் பக்கத்தில் சோடா பியூட் முகாமில், சாப்பாட்டை ஒழுங்காகப் பூட்டி வைத்திருந்தவர்களின் டென்டுகளையே ஒரு தாய்க்கரடி தாக்கியது. ஒருவர் இறந்தார். பகலில் திடீரென எதிர்ப்பட்டு கிரிஸ்லி மேலே பாய்ந்தால் குப்புறப் படுத்து அசையாமல் கிடக்கச் சொல்வோம். இரவில் டென்டுக்குள் வந்தால் அது செல்லாது. கையில் கிடைத்ததை வைத்துப் போராட வேண்டும்.

உண்மையில் கடினமான முடிவு சாயங்காலம்தான் வரும். ஒரு தடவை, தங்குவதற்கு என்று குறித்து வைத்திருந்த மேட்டில், அணில்கள் பைன் கூம்புகளைச் சேர்த்துவைத்த குவியலை ஏதோ ஒன்று தோண்டிப் போட்டிருந்தது. கரடிகள் இப்படித்தான் அணிலின் சேமிப்பைத் திருடித் தின்னும். புரட்டிப் போட்ட மண் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் கிடந்த சாணத்தில் கொட்டை ஓடுகள் அப்படியே தெரிந்தன. எல்லோரும் களைத்துப் போயிருந்தோம். மேலே நடந்தால் பாதி வழியிலேயே இருட்டிவிடும், அதுவும் கரடி நடமாடும் நேரம். தங்கினாலோ அது சாப்பிட வரும் இடத்தில் நாங்கள் படுத்திருப்போம். எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு: ஒருவர் வேண்டாம் என்றால் யாரும் அங்கே தங்கக் கூடாது, காரணம்கூடக் கேட்கக் கூடாது. அன்று வேண்டாம் என்றது குழுவிலேயே சின்னப் பெண். வந்த வழியே இறங்கி, மரங்கள் குறைவான ஒரு திறந்த சரிவில் டென்ட் அடித்தோம். சூடாக எதுவும் சமைக்கவில்லை.

மறுநாள் அந்தக் குவியலின் இடத்தைக் குறித்து, அடுத்து வரும் குழு அங்கே தங்க வேண்டாம் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். கூடவே, ஸ்ப்ரே இருவருக்கு ஒன்று என்று கொடுப்பதை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒன்று வேண்டும் என்றும் கேட்டேன். ஒரு கேன் 50 டாலர் போல ஆகும். அந்தச் செலவை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்கிறவர்களிடம் இப்போதும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.